அம்பாசடரில் பிக்கப் இல்லையா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்: முழுமையான வழிகாட்டி

பெட்ரோல் அம்பாசடரில் பிக்கப் குறைந்தால் முதல் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும். கழற்றுவார்கள், அலசுவார்கள், ஸ்க்ரூவைத் திருகுவார்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் புதிதாக ஒன்று வாங்கி வரச் சொல்வார்கள். ஆனால் இழுவையைத் தின்னும் கோளாறுகளில் பெரும்பாலானவை பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரிலும், டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியிலும்தான் இருக்கின்றன. சரியாக இருந்த கார்புரேட்டரைக் கலைத்துவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகும். அதன்பின் எது பழையது, எது நாம் உண்டாக்கியது என்று பிரித்தறியவே முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

இங்கே தரும் அளவுகள் 1489 சி.சி. பி.எம்.சி. பி-சீரிஸ் எஞ்சினுக்கானவை. பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினுக்கு இவை பொருந்தா. பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முறையை எடுத்துக்கொள்ளலாம், அளவுகளை அந்தந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 50 முதல் 55 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் இது, வண்டியின் எடையோ 1,100 கிலோவுக்கு மேல். இன்றைய கார்களோடு ஒப்பிட்டு "இழுக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். சமமான, ஆளில்லாத ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 கி.மீ. வேகம் வர எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே சாலையில், அதே திசையில், அதே ஆட்களோடு மறுபடி அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள்.

வேண்டிய கருவிகள்: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், கம்ப்ரஷன் கேஜ், முடிந்தால் வேக்யூம் கேஜ், ஒரு கண்ணாடிப் பாட்டில். தீயணைப்பான் கட்டாயம். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான மேனிஃபோல்டு இருக்கிறது. சிந்தும் பெட்ரோல் நேராக அதன்மேல் விழும். பெட்ரோல் வேலை எதுவானாலும் எஞ்சின் ஆறிய பிறகே.

முதல் படி: எப்போது இழுக்கவில்லை?

"பிக்கப் இல்லை" என்பது ஒரே வியாதி அல்ல. ஓட்டிப் பார்த்து எந்த வகை என்று முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்த அந்த நொடியில் மட்டும் எஞ்சின் திணறி, பிறகு இழுக்கிறதா? ஆக்சிலேட்டர் பம்ப், வேக்யூம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முன்கூட்டி விழவைக்கும் பாகம்), காற்றுக் கசிவு என்ற மூன்றில் ஒன்று.

தொடக்கத்தில் நன்றாக இழுத்து, மேம்பாலம் ஏறும்போதோ 60-ஐத் தாண்டும்போதோ மூச்சு முட்டி, காலை எடுத்துச் சற்று நேரம் விட்டால் மறுபடி இழுக்கிறதா? பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான புளோட் சேம்பர் காலியாகி மறுபடி நிரம்புகிறது.

மிஸ்ஸிங், வெடிப்பு எதுவும் இல்லாமல், எல்லா வேகத்திலும் ஒரே சீராகச் சோம்பலாக இருக்கிறதா? டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், பிரேக் பிடித்திருக்கலாம், த்ராட்டில் (கார்புரேட்டரின் காற்றுக் கதவு) முழுதும் திறக்காமல் இருக்கலாம், சைலன்சர் அடைத்திருக்கலாம். கார்புரேட்டர் இந்தப் பட்டியலில் கடைசி.

பாரம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறதா? பிளக், எச்.டி. ஒயர் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஒயர்), ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கை), கண்டன்சர் பக்கம் போங்கள்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது சோக் கொஞ்சம் இழுத்தபடி நன்றாகப் போய், சூடானதும் சோக்கை விட்டால் மந்தமாகிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. குளிரில் நன்றாக எடுத்து, சூடானபின் கறுப்புப் புகையோடு மந்தமானால் பெட்ரோல் அதிகம்.

இரண்டாம் படி: எஞ்சின் மேல் குற்றம் இல்லையென்றால்?

சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளினால் வண்டி எளிதாக நகர வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நான்கு சக்கர டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் விடவில்லை. நான்கும் சுட்டால் பிரேக் பெடலில் ஃப்ரீ பிளே இல்லை என்று பொருள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதும் பின்வாங்காததால் எண்ணெய் திரும்பும் துளை மூடியபடியே இருக்கும். பின் சக்கரங்கள் மட்டும் என்றால் ஹாண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள்.

கிளட்சுக்கு எளிய சோதனை: டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

மூன்றாம் படி: த்ராட்டிலும் ஏர் கிளீனரும்

எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரை முழுதும் மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தால் த்ராட்டில் பட்டர்ஃபிளை காற்று போகும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அதுவே முழுக் கோளாறாகவும் இருக்கலாம். தடித்த கால்மிதி, தேய்ந்த லிங்கேஜ் மூட்டு, வளைந்த ராடு ஆகியவைதான் வழக்கமான காரணம். ஐந்து நிமிடச் சோதனை இது, ஆனாலும் பலர் செய்வதில்லை.

ஏர் கிளீனர் எண்ணெய் ஊற்றும் வகையானால் குறியீட்டுக் கோட்டுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. அதிகமானால் காற்று வழி குறுகும், எண்ணெயும் உள்ளே இழுபடும். ஏர் கிளீனர் இல்லாமல் ஒருமுறை சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து வித்தியாசம் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

நான்காம் படி: கம்ப்ரஷன், டேப்பட்

எஞ்சினுக்குள் பலம் இல்லாதபோது ட்யூனிங் செய்வது வீண் வேலை. சூடான எஞ்சினில் நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். அதிகபட்சத்திலிருந்து 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைந்த சிலிண்டரில் 5 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இந்த எஞ்சினில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே போர்ட்டில் அருகருகே வெளியேறுகிறது. ஹெட்டில் அதிகம் சூடாகும் இடம் அதுதான். அந்த இரண்டு மட்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறதா, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. சூட்டிலா குளிரிலா என்பதை உங்கள் வண்டிக் கையேட்டின்படி செய்யுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்பக்க ஸ்டார்ட்டிங் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் வேலை எளிது. வால்வுகளை முன்பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எது முழுதும் திறந்து நிற்கிறதோ, அதோடு கூட்டினால் 9 வரும் எண்ணை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. டேப்பட் சத்தம் கேட்கக் கூடாது என்று இடைவெளியை இறுக்கிவிடுவது பெரும் தவறு. வால்வு முழுதும் மூடாமல் முதலில் இழுவை போகும், பிறகு வால்வே எரியும். லேசான டிக் டிக் சத்தம் இருப்பதுதான் நல்லது.

ஐந்தாம் படி: இக்னிஷன்

கார்புரேட்டர் கோளாறு என்று கடைக்கு வரும் வண்டிகளில் பலவற்றின் உண்மைக் கோளாறு இங்கேதான் இருக்கும். அதனால் அவசரப்படாதீர்கள்.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம் (0.64 மி.மீ.). நல்ல பிளக்கின் மூக்கு இளம் பழுப்பாக இருக்கும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நான்கில் 1, 2 மட்டும் அல்லது 3, 4 மட்டும் வெளுத்திருந்தால் அதை விடாதீர்கள். இந்த ஹெட்டில் 1, 2-க்கு ஒரே இன்லெட் போர்ட், 3, 4-க்கு இன்னொன்று. ஒரு ஜோடி மட்டும் வெளுத்திருப்பது அந்தப் பக்க மேனிஃபோல்டு கேஸ்கெட் காற்று இழுப்பதற்கான அடையாளம்.

பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் தொடுமுனை) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் (0.35–0.40 மி.மீ.). கேமின் முனை பாயின்ட்டை முழுதும் திறந்து நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். பாயின்ட் முகத்தில் குழியும் மேடும் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், மாற்றிவிடுங்கள். பாயின்ட் சீக்கிரமே நீலம் பாரித்துக் கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடினால் பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரியாக மாறும். அந்நிலையில் எப்படி அட்ஜஸ்ட் செய்தாலும் நிற்காது, புஷ் மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்டாட்டிக் டைமிங் வைக்கும் முறை: ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு ஹாண்டிலைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கியதும் மெதுவாகச் சுற்றி, முன் புல்லியில் உள்ள வெட்டைக் கையேடு சொல்லும் டிகிரிக்கான முள்ளோடு பொருத்துங்கள். டைமிங் கவரில் டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை), 5, 10 டிகிரிக்கான மூன்று முள் இருக்கும். ரோட்டார் ஒன்றாம் பிளக் ஒயரின் பக்கம் நோக்க வேண்டும். டெஸ்ட் லாம்பை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையில் கொடுத்து, சாவியைப் போட்டு, கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்புங்கள். விளக்கு எரியத் தொடங்கும் அந்தக் கணம் பாயின்ட் பிரியும் கணம். அங்கே இறுக்குங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

டைமிங் சரியாக வைத்தும் வண்டி மந்தமாக இருந்தால், வேகம் கூடக் கூட டைமிங் முன்னேறுகிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் இதுதான். ரோட்டாரை அது சுற்றும் திசையில் கையால் முறுக்கி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றால் பாயின்ட் தட்டுக்குக் கீழே உள்ள எடைகள் துருவும் காய்ந்த கிரீஸுமாக இறுகிவிட்டன. அப்போது ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் 2,000 சுற்றுக்கு மேல் பொறி தாமதமாக விழும், எஞ்சின் சூடாகும், வண்டி நகராது. கழற்றிச் சுத்தம் செய்து ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டால் புது வண்டிபோல் மாறுவதுண்டு. டைமிங் லைட் இருந்தால், வேக்யூம் பைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சின் வேகத்தை ஏற்றி, புல்லி வெட்டு சீராக விலகிப் போய்ச் சீராகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

வேக்யூம் அட்வான்ஸைச் சோதிக்க, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் பைப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பாயின்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. பாதி மிதியில் இழுவை போவதோடு, அந்தக் கிழிசல் வழியே காற்றும் உள்ளே போகும். இந்த வண்டிகளில் பலவற்றின் டிஸ்ட்ரிபியூட்டரைச் செய்த லூகாஸ்-டி.வி.எஸ். சென்னை பாடியில்தான் இருக்கிறது. பழைய பாகங்களைத் தேடும்போது பெயர்ப்பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். உருவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள் வேறு வேறு.

எச்.டி. ஒயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள். நீலப் பொறி ஊர்ந்தால் அங்கே கசிகிறது. ஹாண்டிலை முன்னும் பின்னும் லேசாக அசைத்து ரோட்டார் எவ்வளவு தாமதித்து அசைகிறது என்றும் கவனியுங்கள். தாமதம் அதிகமானால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். அதனால் வால்வுகள் திறக்கும் நேரமே பின்தங்கும்.

ஆறாம் படி: பெட்ரோல் வந்து சேர்கிறதா?

முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். வண்டி சரியாகிவிட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வெகுநேரம் ஓட்டியபின் மூடியைத் திறக்கும்போது உஸ் என்ற சத்தம் வருவதும் அதே அடையாளம்தான்.

அடுத்து பம்ப். இந்த எஞ்சின் முழுப் பாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மி.லி. பெட்ரோல் குடிக்கும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் பைப்பைப் பிரித்துப் பாட்டிலில் விட்டு, 10 விநாடி வீதம் இடைவெளி விட்டு மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். மொத்தத்தில் 150 மி.லி.க்குக் குறைவாக வந்தாலோ, பீய்ச்சி அடிக்காமல் வழிந்தாலோ கோளாறு கண்டுபிடித்தாகிவிட்டது. நுரையும் குமிழியும் வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பம்ப் கிண்ணத்தின் கார்க் வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது.

பம்பின் வலையையும், கார்புரேட்டர் நுழைவாயில் வலை இருந்தால் அதையும் கழுவுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் பம்ப் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. வண்டியை ஓட்டாமல் டயாபிரமையும் ஆயிலையும் மாற்றுங்கள்.

ஏழாம் படி: திருட்டுக் காற்று

கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்யூம் பைப், த்ராட்டில் தண்டின் இரு முனைகள். இவற்றில் எங்கு காற்று நுழைந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்து வெளுத்து, மிதித்த நொடியில் திணறும். ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் துளித் துளியாக விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடமே கசிவு. பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது, கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது.

வேக்யூம் கேஜ் இருந்தால் ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் உள்ளே இடிந்து அடைத்திருக்கிறது. உறுதி செய்ய முன் பைப் இணைப்பைத் தளர்த்தி, சத்தத்தோடு ஒரு சிறு தூரம் ஓட்டிப் பாருங்கள்.

எட்டாம் படி: இப்போது கார்புரேட்டர்

ஆரம்ப கால வண்டிகளில் எஸ்.யூ. கார்புரேட்டர், பிறகு சோலெக்ஸ் கார்புரேட்டர். இரண்டும் அடிப்படையிலேயே வேறானவை.

சோலெக்ஸில் முதலில் ஆக்சிலேட்டர் பம்ப். த்ராட்டிலைத் திடீரென்று திறந்தால் காற்று உடனே பாயும், பெட்ரோல் கனமானதால் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பம்ப். எஞ்சினை நிறுத்தி, வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் சட்டென்று திறங்கள். திறந்த அதே கணத்தில் பெட்ரோல் ஒரு கோடாகப் பீய்ச்ச வேண்டும். சற்றுத் தாமதித்து வந்தால் உள்ளே உள்ள பால் வால்வு உட்காரவில்லை, அல்லது பம்ப் ராடு தேய்ந்திருக்கிறது. சொட்டினால் டயாபிரம் இறுகியோ கிழிந்தோ இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் பம்ப் ஜெட் அடைப்பு, அல்லது புளோட் சேம்பரே காலி. பம்ப் நன்றாகப் பீய்ச்சியும் திணறுகிறது என்றால் கார்புரேட்டரை விட்டு வேக்யூம் அட்வான்ஸுக்குத் திரும்புங்கள்.

அடுத்து சோக். கேபிளை முழுதும் உள்ளே தள்ளிய நிலையில் கார்புரேட்டர் முனையில் 2 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் வழி பாதி திறந்தே இருந்து, கரிப்புகையும் மந்தமும் தரும்.

மூடியைத் திறந்ததும் புளோட்டைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நீடில் வால்வின் அடி வாஷரைக் கவனமாக எடுத்து வையுங்கள். அதன் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. வாஷர் தடித்தால் மட்டம் இறங்கும். இரண்டு வாஷர் போட்டு மாட்டியதால் மேட்டில் ஏறாத வண்டிகள் உண்டு.

ஜெட் மேல் உள்ள எண் துளையின் விட்டம், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில். 120 என்றால் 1.20 மி.மீ. உங்கள் வண்டிக்குரிய எண்தானா என்று ஒப்பிடுங்கள். மைலேஜுக்காகச் சிறிய ஜெட் போட்டிருப்பதும், கம்பியால் குடைந்து பெரிதாக்கியிருப்பதும் இரண்டுமே நடக்கிறது. அடைப்பை எடுக்கப் பெட்ரோலும் காற்றும் போதும், மீறினால் பிரஷ் முடி ஒன்று. இரும்புக் கம்பி உள்ளே போகக் கூடாது. மேலே உள்ள ஏர் கரெக்ஷன் ஜெட் பெரிதானால் அதிக வேகத்தில் கலவை வெளுக்கும், மெயின் ஜெட்டோடு அதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஐடில் மிக்சர் ஸ்க்ரூ ஐடிலுக்கு மட்டும்தான். இழுவை வரட்டும் என்று அதைத் திருகுவதில் பயனில்லை. மெதுவாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தில் விடுங்கள்.

எஸ்.யூ.வில் ஆக்சிலேட்டர் பம்ப் கிடையாது. அந்த வேலையை மேலே உள்ள டாம்பர் எண்ணெய் செய்கிறது. எண்ணெய் வற்றியிருந்தால் பிஸ்டன் சட்டென்று எழும்பி, மிதித்ததும் திணறும். 20 கிரேடு எஞ்சின் ஆயில் போதும். கனமான கியர் ஆயில் ஊற்றினால் பிஸ்டன் எழவே நேரமாகும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டக் என்ற சத்தத்தோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் சேம்பரையும் பிஸ்டனையும் பெட்ரோலில் துடையுங்கள், எமரித் தாள் ஆகாது. அதன்பிறகும் சிக்கினால் ஜெட் நடுவில் இல்லை. கலவையைப் பார்க்க, சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை 0.8 மி.மீ. அளவே தூக்குங்கள். வேகம் ஏறி ஏறிய நிலையிலேயே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே படுத்தால் குறைவு, கணம் ஏறி அடங்கினால் சரி.

இன்றைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பழைய ஜெட்டோடு இ20 ஊற்றினால் கலவை தானாகவே வெளுக்கிறது. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, நான்கு பிளக்கும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு அளவு, அதாவது 5 எண், பெரிதாக்கிப் பார்க்கலாம். பழைய ரப்பர் ஹோஸ், டயாபிரம் இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். டேங்கில் பல ஆண்டாகப் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவருவதால், மாறிய புதிதில் வலைகளை அடிக்கடி கழுவ வேண்டும்.

சூடானால் மட்டும் வரும் கோளாறு

அரை மணி நேரம் ஓடிய பிறகே படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் வண்டியில் சந்தேகம் இரண்டு: பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது, அல்லது காயில், கண்டன்சர். படுத்த இடத்திலேயே பிரித்தறியலாம். கோளாறு தெரியும்போதே வண்டியை ஓரம்கட்டி, பம்ப் மேலும் பெட்ரோல் பைப் மேலும் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், காயில் பக்கம் தண்ணீர் போக வேண்டாம். சரியானால் ஆவி அடைப்பு. பைப்பை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி அமைத்து, கார்புரேட்டர் அடியில் உள்ள தடித்த இன்சுலேட்டர் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கேஸ்கெட் மட்டும் வைத்து மாட்டிய வண்டிகளில் இது தவறாமல் வரும். துணியால் பலன் இல்லையென்றால் கையோடு எடுத்துச்செல்லும் மாற்றுக் கண்டன்சரை அங்கேயே மாட்டிப் பாருங்கள், அதன்பின் காயில்.